தொண்டி முதல் அரிச்சல்முனை வரை: 14 பேர் கொண்ட மிதிவண்டிக் குழுவின் கடைசி நாளை எப்படி அமைப்பது?

கடைசிச்சக்கரம் (கேள்வி)

வணக்கம். வரும் ஜனவரியில் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 5 நாள் மிதிவண்டிப் பயணம் செல்ல இருக்கிறோம். புதுச்சேரி, நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் இரவு தங்குகிறோம். மொத்தம் 14 பேர். இளையவருக்கு வயது 24, மூத்தவருக்கு 61. நால்வர் பிரெவே (நேர எல்லைக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்) ஓட்டிப் பழகியவர்கள், சமதரையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்திற்குக் கீழே இறங்க மனம் வராதவர்கள். என்னையும் சேர்த்து ஐந்து பேர் காற்றில்லாத காலையில் 18 கி.மீ. வேகத்தில் செல்வோம், வெயில் ஏறிவிட்டால் 15. மற்றவர்கள் இந்த இரண்டிற்கும் நடுவில் இருப்பவர்கள். சாமான்களை ஏற்றிவர ஒரு வேன் உண்டு.

ஒவ்வொரு நாளையும் ஒருவர் பொறுப்பேற்று நடத்துவது எங்கள் ஏற்பாடு. கடைசி நாள் என் தலையில் விழுந்திருக்கிறது. தொண்டியிலிருந்து ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரத்திற்கு ஏறத்தாழ 100 கி.மீ. அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு இன்னும் 20 கி.மீ. தங்குமிடம் ராமேஸ்வரத்தில் என்பதால் முனையைத் தொட்டுவிட்டு அதே 20 கி.மீ. திரும்பி வர வேண்டும். ஆக 140 கி.மீ. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று வேகக்காரர்கள் விரும்புகிறார்கள். அரிச்சல்முனையை மறுநாள் காலைக்குத் தள்ளலாமா என்று நான் யோசிக்கிறேன். இது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வியைச் சற்று விளக்கித்தான் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு ஜூலையில் வேறொரு குழுவுடன் இதே சாலையில் வந்தேன். முத்துப்பேட்டையைத் தாண்டிய பிறகு என் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. நான் கடைசி ஆள். முன்னால் சென்றவர்களைக் கூவி அழைத்தேன். எதிர்காற்றில் அந்தக் குரல் பத்தடி கூடப் போயிருக்காது. எல்லாருடைய கைப்பேசியும் பைக்குள் இருந்தது. ‘ஒருவரையும் விட்டுச் செல்வதில்லை’ என்பது அந்தக் குழுவின் முதல் விதி. நானே பஞ்சர் ஒட்டிக்கொண்டு 40 நிமிடம் தாமதமாக அதிராம்பட்டினம் சென்றடைந்தபோது அவர்கள் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒருவர் மட்டும், “ஓ, நீங்க பின்னாடியா இருந்தீங்க?” என்று கேட்டார். அன்று முழுவதும் வெயிலைவிட அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது.

வேகம் இவ்வளவு வேறுபடும் ஒரு குழுவை, வேகமானவர்களைக் கட்டிப்போடாமலும் மெதுவானவர்களைத் தொலைக்காமலும், ஒரு நாள் முழுவதும் எப்படிக் கொண்டுசெல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொண்டல்

தூரத்தை வைத்து நாளைத் திட்டமிடாதீர்கள், ஐயா. அந்தச் சாலையில் காற்றை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். நான் இந்தப் பாதையில் ஜனவரியில் இருமுறையும் ஆடியில் ஒருமுறையும் சென்றிருக்கிறேன். ஆடியில் சென்றதை நினைத்தால் இன்றும் தொடை வலிக்கிறது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வரை சாலை தெற்கே, சற்று மேற்காகச் சாய்ந்து செல்கிறது. ராமநாதபுரத்தில் பட்டணங்காத்தான் அருகே ராமேஸ்வரம் சாலையைப் பிடித்ததும் கிழக்கே திரும்புகிறீர்கள். ராமேஸ்வரத்திற்குப் பிறகு தென்கிழக்கே. ஒரே நாளில் மூன்று திசைகள். ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. எனவே முதல் பகுதியில் அது உங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளும். இரண்டாம் பகுதியில் இடது தோளுக்கு முன்னாலிருந்து அடிக்கும். மூன்றாம் பகுதியில் நேராக இடது விலாவில் இடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் இது தலைகீழாகிவிடும்: தொண்டி முதல் ராமநாதபுரம் வரை நெஞ்சுக்கு நேரே காற்று, பிறகு பாம்பன் வரை ஓரளவு உதவி.

எதிர்காற்று எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். காற்றின் தடை, அதை நாம் எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லாதபோது 20 கி.மீ. வேகத்தில் செல்பவர், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசும் எதிர்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்க முயன்றால், 35 கி.மீ. காற்றை முகத்தில் வாங்குகிறார். தடை மூன்று மடங்காகிவிடுகிறது. ‘கொஞ்சம் அழுத்தி மிதிக்கலாம்’ என்று சமாளிக்கும் அளவு அல்ல இது. அடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவதற்கான காரணமும் இதுதான்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். உங்கள் குழு சிதறப்போவது கடினமான பகுதியில் அல்ல, சுலபமான பகுதியில். எதிர்காற்றில் வேகக்காரர்களுக்கும் துணை வேண்டும், அதனால் தாமாகவே சேர்ந்து வருவார்கள். பின்காற்றில் யாருக்கும் யாரும் தேவையில்லை. உங்கள் நால்வரும் தொண்டியை விட்டதும் 32, 33 கி.மீ. வேகத்தில் பறப்பார்கள், மகிழ்ச்சியில் மற்றவர்களும் துரத்துவார்கள், ராமநாதபுரத்தில் எல்லாரும் கால்களின் வலுவைத் தொலைத்துவிட்டு நிற்கும்போதுதான் காற்று தோளுக்கு மாறும். ஆகவே தேவிபட்டினம் வரை வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். அதன் பிறகு கட்டுப்படுத்த வேண்டிய தேவையே இராது.

நேரத்தைப் பொறுத்தவரை, இந்தக் கரையில் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். முற்பகல் தாண்டியதும் எழும்பத் தொடங்கும். பிற்பகல் 2 மணிக்கு மேல் பாம்பன் பாலத்தில் ஏறினால் சக்கரம் உங்கள் சொல்லைக் கேட்காது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. ரயிலுக்கே அப்படி என்றால் 12 கிலோ சைக்கிளுக்கு என்ன சொல்வது! நண்பகலுக்குள் மண்டபத்தில் இருப்பதைக் குறியாக வையுங்கள். அரிச்சல்முனை மறுநாள் காலைதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

உப்பளம்

அரிச்சல்முனையை மறுநாள் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. மாலையில் குறிப்பிட்ட நேரத்திற்கு மேல் தனுஷ்கோடிச் சாலையில் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களையும் இருட்டுவதற்குள் வெளியேறச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தை விடுதியில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 140 கி.மீ. திட்டத்தில் இரண்டு பஞ்சர் சேர்ந்தால், சாவடியில் திருப்பி அனுப்பப்படும் 14 பேராக நிற்பீர்கள்.

பின்காவல்

உங்கள் இரண்டாம் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஏனெனில் ஆறு பயணங்களில் குழுவின் கடைசி ஆளாக, நாங்கள் ‘ஸ்வீப்’ என்று சொல்லும் பொறுப்பில், வந்திருக்கிறேன். முதலில் ஒன்று. சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்தது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. ‘ஒருவரையும் விட்டுச் செல்வதில்லை’ என்பது நல்ல ஆசை. அதைச் செய்வதற்கு ஓர் ஆளை நியமிக்காதவரை அது விதி ஆகாது. எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஸ்வீப் ஆக மெதுவானவரைப் போடாதீர்கள். இந்தத் தவற்றை எல்லாக் குழுக்களும் செய்கின்றன: ‘அவர் எப்படியும் கடைசியில்தான் வருவார், அவரே இருக்கட்டும்.’ அவருக்கே பஞ்சர் ஆனால்? உங்கள் நான்கு வேகக்காரர்களில் ஒருவர்தான் ஸ்வீப் ஆக இருக்க வேண்டும். நின்று உதவி செய்துவிட்டு மீண்டும் விரட்டிப் பிடிக்கும் வலு அவருக்குத்தான் இருக்கிறது. நாள் முழுவதும் ஒருவரையே பின்னால் வைத்தால் சலித்துப்போவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளை மாற்றுங்கள். பம்பு, டயர் நெம்பும் கட்டைகள், சங்கிலிக் கருவி, மருந்துப் பை எல்லாம் அவரிடம். அவருடைய கைப்பேசி கைப்பிடியில் பொருத்தப்பட்டு ஒலியுடன் இருக்க வேண்டும். முன்னால் செல்பவரிடமும் அப்படியே. மற்ற 12 பேரும் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

14 பேர் ஒரே வரிசையாகச் செல்ல வேண்டாம். இருவழிச் சாலையில் பின்னால் வரும் பேருந்து 14 சைக்கிள்களை ஒரே மூச்சில் தாண்ட முடியாது. நடுவில் நுழையும்போதுதான் விபத்து. ஐந்து, ஐந்து, நான்கு என மூன்று கொத்துகளாகப் பிரியுங்கள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஒரு பேருந்து ஒதுங்கும் அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். ஒவ்வொரு கொத்திலும் வேகக்காரர் ஒருவர், இடைப்பட்டவர்கள் சிலர், மெதுவானவர்கள் ஒருவரோ இருவரோ. மெதுவானவரின் இடம் கொத்தின் வால் அல்ல, முன்னால் செல்பவருக்கு நேர் பின்னால். அங்கேதான் காற்று குறைவு. மேலும் முன்னால் செல்பவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வேகத்தை அளந்துகொள்ளலாம்.

பக்கக்காற்றைப் பற்றிக் கொண்டல் எழுதியதுடன் ஒன்று சேர்க்கிறேன். நேர் எதிர்காற்றில் முன்னவரின் முதுகுக்குப் பின்னால் மறைவு இருக்கும். காற்று இடது தோளுக்கு முன்னாலிருந்து வந்தால் அந்த மறைவு முன்னவருக்கு வலப்பக்கமாகப் பின்னால் விழும். அதைத் தேடிப்போகும் ஒவ்வொருவரும் ஓரடி ஓரடியாக வலப்பக்கம் நகர்ந்து, ஐந்தாவது ஆள் சாலையின் நடுக்கோட்டில் இருப்பார். பந்தயங்களில் சாலையை அடைத்துவிட்டு இப்படிச் சாய்வரிசையில் ஓட்டுகிறார்கள். மண்டபம் சாலையில் சுற்றுலா வேன்களுக்கு நடுவே அது கூடாது. மூன்று பேருக்கு மேல் சாய்வரிசை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முன்னால் ஒருவர் இரண்டு நிமிடத்திற்கு மேல் இருக்கவும் வேண்டாம்.

அரிச்சல்முனையிலிருந்து திரும்பும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். போகும்போதைவிட இதுதான் ஆபத்து. காற்றுக்கு எதிராக நீங்கள் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தபடி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பேருந்து ஒன்று வலப்பக்கமாக முந்தும்போது அது காற்றை மறைத்துவிடும். சாய்ந்திருந்த உடம்பு, தாங்கிக்கொண்டிருந்த கை திடீரென்று விலகியதுபோல, பேருந்தை நோக்கியே சரியும். பேருந்துச் சத்தம் கேட்டதும் கைகளைத் தளர்த்தி, உடம்பை நிமிர்த்தி, மிதிப்பதைச் சற்று நிறுத்துங்கள். முந்திய நாள் இரவே எல்லாரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

தனிமிதி

மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டுவது பழகியவர்களின் வித்தை. முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தோடு உரசினால் விழுவது எப்போதும் பின்னால் இருப்பவர்தான். ஆண்டுக்கு ஒருமுறை கூடும் 14 பேர், ஐந்தாம் நாளில், தூக்கம் போதாமல், கைக்குக் கை தூரத்தில் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரவர் வேகத்தில் போங்கள், 25 கி.மீ.க்கு ஒரு சந்திப்பிடம் வையுங்கள். அங்கே எல்லாரும் வந்து சேரும்வரை யாரும் புறப்படக்கூடாது. குழு என்பது சந்திப்பிடத்தில் இருந்தால் போதும், சாலையில் வேண்டியதில்லை.

இது ஒரு நூற்றாண்டுப் பழைய சண்டை என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் 1904-இல் தொடங்கிய ‘ஓடாக்ஸ்’ முறையில், சாலைத் தலைவர் ஒருவர் வகுக்கும் ஒரே சீரான வேகத்தில் குழு முழுவதும் ஒன்றாகச் செல்ல வேண்டும். முன்னால் ஓடவும் முடியாது, பின்தங்கவும் முடியாது. 1921-இல் அங்கே பிளவு ஏற்பட்டு, நேர எல்லைக்குள் அவரவர் வேகத்தில் ஓட்டும் பிரெவே முறை தனியாகப் பிரிந்தது. இன்று நம் ஊரில் 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கிறோமே, அது இந்த இரண்டாம் வழி. உங்கள் நால்வரும் அந்த வழியில் பழகியவர்கள். அவர்களைச் சாலைத் தலைவருக்குப் பின்னால் கட்டிவைத்தால் முணுமுணுப்புத்தான் மிஞ்சும்.

பின்காவல்

தனிமிதி சொல்லும் ஆபத்து உண்மைதான். ஒட்டி ஓட்டுவதற்குப் பழகாதவர்கள் ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஓட்டட்டும், அப்போதும் ஓரளவு மறைவு கிடைக்கும். ஆனால் ‘அவரவர் வேகம், சந்திப்பிடத்தில் காத்திருத்தல்’ என்பதில் ஒரு குறை இருக்கிறது. வேகக்காரர் அரைமணி நேரம் நிழலில் உட்கார்ந்திருப்பார், மெதுவானவர் வந்து சேர்ந்ததும், “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?” என்பார். ஓய்வு தேவைப்படாதவருக்கு அரைமணி ஓய்வு, தேவைப்பட்டவருக்கு இரண்டு நிமிடம். கடைசியாக வந்தவர் இறங்கி 15 நிமிடம் ஆன பிறகே புறப்பாடு என்று வைத்தால் உங்கள் முறையை நானும் ஏற்கிறேன்.

தனிமிதி

அந்த 15 நிமிட விதி நல்ல திருத்தம். ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசிச்சக்கரம்

அனைவருக்கும் நன்றி. அரிச்சல்முனையை மறுநாள் காலைக்கு மாற்றுவதாக முடிவு செய்துவிட்டேன். வேகக்காரர்களில் இருவர் முகம் சுளித்தார்கள், சாவடி நேரத்தைச் சொன்னதும் அடங்கிவிட்டார்கள். பின்காற்றுள்ள பகுதியில் கொத்துகளாகவும், பட்டணங்காத்தான் முதல் மண்டபம் வரை மும்மூன்று பேராகவும், பாலத்தில் தனித்தனியாகவும் செல்வது என்று எண்ணுகிறேன். சாப்பாடு, தண்ணீர், பஞ்சர் பற்றி அந்தப் பகுதியில் வசிப்பவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

உச்சிப்புளி ஆசிரியை

நான் இந்தச் சாலையில் பள்ளிக்குச் சென்று வருபவள். நெடும்பயணம் போனதில்லை, ஆனால் முள் குத்திய டியூப்புகளை எண்ணினால் உங்கள் யாருக்கும் குறைந்தவள் அல்ல.

எங்கள் மாவட்டத்தில் பஞ்சருக்கு மறுபெயர் சீமைக்கருவேலம். கரிமூட்டத்திற்கு வெட்டிய கட்டைகளை லாரியிலும் டிராக்டரிலும் ஏற்றிச் செல்லும்போது சுள்ளிகள் சாலையோரத்தில் விழுந்துகிடக்கும். பெரிய வாகனத்திற்குப் பயந்து மண்ணில் இறங்கினீர்கள் என்றால் முள் நிச்சயம். பஞ்சர் ஆனால் உடனே புது டியூப்பைப் போட்டுவிடாதீர்கள். முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும், வெளியே தெரியாது. டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்துப் பாருங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். வெறும் விரலால் தடவினால் விரலிலும் ஒரு பஞ்சர் விழும். புருவம் திருத்தும் இடுக்கி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், முள்ளைப் பிடுங்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆளுக்கு இரண்டு டியூப், தவிர ஒட்டும் பசையும். உங்கள் சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் எங்கள் ஊர்க் கடைகளின் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. அதற்கான சிறு பித்தளைத் திருகியைக் கொண்டுவாருங்கள்.

காலை உணவைத் தேவிபட்டினத்தில் வைத்துக்கொள்ளலாம். கடலுக்குள் நவபாஷாணக் கற்கள் நிற்கும் இடம். அமாவாசை நாளாக இருந்தால் தர்ப்பணம் செய்ய வருபவர்களின் கூட்டத்தில் இட்லி கிடைப்பது கடினம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே உப்பூரில் வெயிலுகந்த விநாயகர் இருக்கிறார். சைக்கிளில் போகிறவர்கள் வெயிலை விரும்பும் அந்தப் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து. ராமநாதபுரத்தில் தண்ணீரை நிரப்பிவிடுங்கள். பெரிய கேன் ஒன்றை வேனில் வைத்திருங்கள். வழியில் கிடைக்கும் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. ஒரு லிட்டருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, இதுவே போதும். எலுமிச்சை பிழிந்தால் குடிக்க இதமாக இருக்கும்.

குழுவில் பெண்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நிறுத்தங்களைக் கழிப்பறை உள்ள இடத்தில் வையுங்கள். மரநிழல் நன்றாக இருக்கிறது என்று ஆண்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களில் நாங்கள் தண்ணீர் குடிக்கவே அஞ்சுவோம். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பெட்ரோல் பங்குகளும் உணவகங்களும்தான் சரி.

பாம்பன் பாலத்தைப் பற்றி இரண்டு செய்திகள். 1988-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலம் ஏறத்தாழ 2.3 கி.மீ. நீளம், நடுப்பகுதி உயர்ந்திருக்கும். பாலத்தின் துண்டுகள் இணையும் இடங்களில் குறுக்கே இரும்புப் பட்டைகள் உண்டு. மெல்லிய டயர் உள்ளவர்கள் அவற்றை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் வழுக்கும். ரயில் பாலம் இடப்பக்கம் தெரிவதால் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் நீங்கள் வரும் இடது ஓரத்தில்தான் வண்டியை நிறுத்துவார்கள். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் அதிகம். கார்க் கதவுகளைப் பார்த்துச் செல்லுங்கள்.

ஜனவரியில் வருகிறீர்கள், பனங்கிழங்குக் காலம். உச்சிப்புளிப் பக்கம் சாலையோரத்தில் அவித்துக் கட்டாகக் கட்டி விற்பார்கள். பசிக்கு அதைவிட உகந்தது நீங்கள் கொண்டுவரும் எந்தப் பொட்டலத்திலும் இராது.

கடைசிச்சக்கரம்

பயணம் முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். பதில் எழுதியவர்களுக்கு நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொண்டியில் காலை 6.20-க்கு, இன்னும் சரியாக வெளுக்காத நேரத்தில், விளக்குகளுடன் புறப்பட்டோம். கொண்டல் சொன்னபடியே காற்று முதுகில் இருந்தது. தேவிபட்டினம் வரை 22 கி.மீ. வேகம், அதற்கு மேல் இல்லை என்று முந்திய இரவே பேசி வைத்திருந்தோம். முதல் கொத்து நம்புதாளையைத் தாண்டும்போதே 27-ஐத் தொட்டுவிட்டது. நான் கைப்பேசியில் அழைத்துத் திட்ட வேண்டியிருந்தது. என் வயதில் முதல்முறையாக ஒருவரை மெதுவாகப் போகச் சொல்லித் திட்டினேன். ஸ்வீப் பொறுப்பை வேகக்காரர் நால்வரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், மெதுவாக ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது என்று நாள் முழுவதும் குறைப்பட்டுக்கொண்டார். அது பாசாங்கு என்றுதான் முதலில் நினைத்தேன். வேகம் குறைந்தும் அவர் கனமான கியரிலேயே மிதித்துக்கொண்டிருந்ததைப் பிறகு கவனித்துச் சொன்னதும் வலி குறைந்துவிட்டது.

தேவிபட்டினத்தில் இட்லி. 15 நிமிட விதி அங்கேதான் முதலில் சோதனைக்கு வந்தது. கடைசியாக வந்த 61 வயது அண்ணன், “எனக்காக நிக்க வேண்டாம்” என்று எழுந்துவிட்டார். விதி உங்களுக்காக அல்ல, எனக்காக என்று சொல்லி உட்காரவைத்தேன். எனக்கும் ஓய்வு தேவைப்பட்டது என்பதால் அது பொய்யும் அல்ல.

பட்டணங்காத்தானில் கிழக்கே திரும்பியதும் காற்று தோளுக்கு மாறியது. தென்னையும் பனையும் மறைத்த இடங்களில் தெரியவில்லை; மரங்கள் விலகிய இடங்களில் சைக்கிளையே ஓர் அடி நகர்த்தியது. மும்மூன்று பேராக, இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை முன்னால் செல்பவரை மாற்றிக்கொண்டு ஓட்டினோம். தனிமிதி அஞ்சியதுபோல ஒருமுறை சக்கரம் உரசியது. விழவில்லை. அந்த இருவரும் அதன் பிறகு சைக்கிள் நீளம் விட்டே வந்தார்கள். வேகம் 14, சில இடங்களில் 12. சென்ற ஆண்டு இதே வேகத்தில் தனியாகச் சென்றபோது அவமானமாக இருந்தது. இப்போது மூன்று பேரும் ஒருவர் பேச ஒருவர் கேட்டுக்கொண்டு சென்றதில் மண்டபம் வந்ததே தெரியவில்லை. 12.15-க்கு அங்கே இருந்தோம். பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு சென்றவர்கள் மூவர். நானும் அவர்களில் ஒருவன்.

மறுநாள் காலை அரிச்சல்முனை. முகுந்தராயர் சத்திரத்திற்கு அப்பால் இருபுறமும் கடல். ஒருபுறத்தை ஆண்கடல் என்றும் மறுபுறத்தைப் பெண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொன்னார்கள். சாலையில் சில இடங்களில் மணல் படிந்திருந்தது. 1964 புயலில் எஞ்சிய தேவாலயச் சுவர்களின் அருகே எல்லாரும் இறங்கினோம், சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. திரும்பும்போது பேருந்து முந்திய தருணத்தில் பின்காவல் எழுதியது அப்படியே நடந்தது: என் உடம்பு பேருந்துப் பக்கம் சரிந்தது. எதிர்பார்த்திருந்ததால் கைகளைத் தளர்த்தியிருந்தேன். அரை அடியோடு நின்றது.

கடைசி நாளும் மறுநாள் காலையும் சேர்த்து 7 பஞ்சர், அவற்றில் 5 கருவேல முள். ஆசிரியை அவர்களுக்கு: இடுக்கி நான்கு முறை உதவியது, துணியை மறந்து விரலால் தடவிய ஒருவருக்கு நீங்கள் சொன்ன பஞ்சரும் கிடைத்தது. உச்சிப்புளியில் பனங்கிழங்கு வாங்கினோம். 14 பேருக்கு இரண்டு கட்டுப் போதவில்லை. வேன் ஓட்டுநரைத் திருப்பி அனுப்பி மூன்றாவது கட்டு வாங்கிவரச் சொன்னோம்.